ஒரே மணி, நாலு மொழி! ஓசூர் வகுப்பறை அதிசயங்கள் தெரியுமா?

வெளிநாடு போகிறவர்கள் என்ன பார்ப்பார்கள்? கோபுரம், பாலம், மால், கடற்கரை! ஆயிரத்தில் ஒருத்தர் மட்டும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் எப்படி உட்காருகிறார்கள், மதியம் என்ன சாப்பிடுகிறார்கள், வாத்தியாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், முகாமுக்குப் போனால் எங்கே தூங்குகிறார்கள்... சுவாரஸ்யமெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடக்கிறது!

அதைப் பார்க்க விமானம் ஏறவே வேண்டாம், ஓசூருக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும் என்றால் நம்புவீர்களா?

முதலில் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் ஓசூரின் பெயர் கன்னடம்! ‘ஹொச’ என்றால் புதிய. ‘ஊரு’ என்றால் ஊர். புதூர்! பெங்களூரு இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, மாநிலமே மாறிவிடும். காலையில் ரோட்டில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்குப் பறக்கும். அதற்கு நடுவே பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்களில் ஒருவன் தமிழ் மீடியம். ஒருத்தி தெலுங்கு மீடியம். அவள் தோழி கன்னட மீடியம். பின்னால் வருகிற அண்ணன் தம்பி உருது மீடியம்! ஆங்கிலத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை!

நாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகள்தான் தெரியுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கமெல்லாம் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் பாடம் நடக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஒரே பள்ளிக்குள் இரண்டு மூன்று மீடியம் இருக்கும் இடங்களும் உண்டு! பாடப் புத்தகம் எங்கிருந்து வருகிறது? ஆந்திராவிலிருந்தா, கர்நாடகத்திலிருந்தா? இல்லை! தமிழ்நாடு அரசே அந்தந்த மொழியில் அச்சடித்துக் கொடுக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் வருகிற அதே ஒளிச்சேர்க்கை, அதே படம், அதே கேள்வி... எழுத்து மட்டும் வேறு!

கன்னட எழுத்தையும் தெலுங்கு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்கா தங்கை மாதிரி இருக்கும்! ஏன்? இரண்டும் ஒரே பழைய எழுத்திலிருந்து பிரிந்தவை. கொஞ்சம் முயன்றால் ஒரு மீடியம் பிள்ளை அடுத்த மீடியம் கரும்பலகையையும் எழுத்துக் கூட்டிவிடலாம்.

உருது வகுப்பில் அந்த வேலை நடக்காது! அங்கே எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். நம் நோட்டின் கடைசிப் பக்கம் எதுவோ, அதுதான் அவர்களுக்கு முதல் பக்கம்! ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நோட்டு ஒரு திசையில் திறக்கிறது, அந்தப் பக்கம் எதிர்த் திசையில்! இந்தக் காட்சியைப் பார்க்க ஜப்பானுக்கா போக வேண்டும்?

வாத்தியாரைக் கூப்பிடுவதிலும் வேடிக்கை! தமிழில் ‘சார்’, ‘டீச்சர்’. கன்னடத்தில் ‘மேஷ்ட்ரு’. தெலுங்கில் ‘மாஸ்டாரு’. உருதுவில் ‘உஸ்தாத்’. இதில் மேஷ்ட்ருவும் மாஸ்டாரும் யார் தெரியுமா? இங்கிலீஷ் ‘மாஸ்டர்’தான், லுங்கி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

இந்தக் கதையில் வழக்கும் உண்டு. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழ் கட்டாயமாகிக்கொண்டே வந்து, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. சிறுபான்மை மொழிப் பள்ளிகள் நீதிமன்றம் போயின, விலக்கும் வாங்கின. இரண்டு பக்கமும் நியாயம் பேசலாம். ஆனால் ஓசூர்ப் பிள்ளைகள் விளையாடும்போது எந்த மொழியில் ‘அவுட்’ கேட்கிறார்கள் என்று எந்தச் சட்டமும் தீர்மானிப்பதில்லை!

எல்லை தாண்டினால் மார்க்கே மாறும்!

இந்தப் பக்கமும் எஸ்.எஸ்.எல்.சி. அந்தப் பக்கமும் எஸ்.எஸ்.எல்.சி. ஒரே பெயர். ஒரே பரீட்சையா? ஏமாந்துவிடாதீர்கள்! தமிழ்நாட்டில் மொத்தம் 500 மார்க். கர்நாடகத்தில் 625! அந்த 625 எப்படி வந்தது? அங்கே மொத்தம் ஆறு பாடம். முதல் மொழிக்கு மட்டும் 125, மற்ற ஐந்துக்கும் தலா 100. ஓசூரில் ஒரு பையன் 480 வாங்கினால் தெருவே ஸ்வீட் சாப்பிடும். அத்திப்பள்ளியில் அதே 480-க்கு வீட்டில் முகம் சுருங்கும்!

அடுத்த படி இன்னும் குழப்பம். இங்கே ‘பிளஸ் டூ’. அங்கே ‘செகண்ட் பி.யூ.’! எல்லையோரத்துக் கல்யாண வீட்டில் பையன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தால், இரண்டு தரப்பும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

தட்டிலும் வித்தியாசம்! தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரம் 5 நாள் முட்டை. கர்நாடகம் 2013-இல் ‘க்ஷீர பாக்யா’ என்று பள்ளியிலேயே பால் கொடுக்க ஆரம்பித்தது. காலைப் பிரேயரில் இங்கே மனோன்மணியம் சுந்தரனார் எழுதிய பாட்டு. அங்கே குவெம்பு எழுதிய பாட்டு. நாற்பது நிமிஷ பஸ் பயணத்துக்குள் பாட்டு, பால், மார்க் எல்லாமே மாறிவிட்டது! இதை வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பன்னிரண்டு வயசில் மெட்ரிகுலேஷன்!

இந்த எல்லையைத் தாண்டிப் படித்த ஒரு பையனைப் பற்றித் தெரியுமா? 1878 டிசம்பர் 10 அன்று ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவன். ஊர்ப் பள்ளி, பிறகு ஓசூர் அரசுப் பள்ளி. 1891-இல் மெட்ரிகுலேஷன் தேறியாயிற்று. வயசு? 13-ஐத் தொட்டும் தொடாமலும்! அடுத்து பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். அப்போது ஓசூர் பிரிட்டிஷ் சேலம் ஜில்லா. அந்தக் காலேஜ் இருந்ததோ மைசூர் சமஸ்தானம்! 1894-இல் கையில் பட்டம். அந்தப் பையன்தான் சுதந்திர இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி! தொரப்பள்ளி வீடு இன்றும் நினைவில்லமாக இருக்கிறது.

ஆனால் இதையும் கேளுங்கள். அதே ராஜாஜி 1953-இல் முதலமைச்சராகக் கொண்டுவந்த திட்டம், கிராமத்துப் பள்ளி நேரத்தை நாளுக்கு 3 மணியாகக் குறைத்தது! மீதி நேரம் அப்பா தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் காலி! எல்லை தாண்டிப் போய்ப் படித்தவருக்கு ஏன் அப்படித் தோன்றியது? எனக்கு இன்றுவரை விளங்காத புதிர் அது.

இப்போது உல்டா! வெளிநாட்டுக்காரர் நம் பள்ளிக்குள் எட்டிப் பார்த்த கதை!

வருஷம் 1623. இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, இன்றைய கர்நாடகத்தில் இக்கேரி போகும் வழியில் ஒரு கோயில் முன்மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நாலு பொடியன்கள். கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை. தரையில் மெல்லிய மணல். வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடிக்கொண்டே விரலால் மணலில் எழுதுகிறார்கள்! தரை நிறைந்துவிட்டால்? புது மணலைத் தூவிவிட்டு மறுபடி ஆரம்பம்!

அதைவிட ஆச்சரியம் எது தெரியுமா? அங்கே வாத்தியாரே இல்லை! தப்பு வந்தால் யார் திருத்துவார்கள் என்று கேட்டிருக்கிறார் இத்தாலிக்காரர். பொடியன்கள் அசரவில்லை. ஒரே கணக்கு நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் மறந்துபோகாது, தெரிந்தவன் மற்றவனுக்குச் சொல்லுவான் என்றார்களாம்! 400 வருஷத்துக்கு முன்னால்! ‘குரூப் ஸ்டடி’ என்று இன்றைக்கு நாம் பெருமையாகச் சொல்வது இதுதானே?

மெட்ராஸ் மணல் லண்டன் போன கதை தெரியுமா?

இது உச்சம்! கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-இல் மெட்ராஸ் வருகிறார். 1789-இல் எழும்பூரில் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்கிறார். வாத்தியார்களோ சரியில்லை, சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு நாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்று கண்ணில் படுகிறது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுகிறார்கள்! நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம்!

பெல்லுக்கு மின்னல் வெட்டியது. ‘இதையே நம் பள்ளியிலும் செய்’ என்றார் வாத்தியாரிடம். வாத்தியார் முடியாது என்றார். சரி, நீ வேண்டாம் என்று என்ன செய்தார் தெரியுமா? ஜான் ஃப்ரிஸ்கன் என்கிற ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்பையே அவன் கையில் கொடுத்துவிட்டார்! ஒரு சிப்பாயின் மகன் அவன். வாத்தியாரால் முடியாததைப் பையன் முடித்துக் காட்டினான்!

நம் ஊரில் இதற்குப் பெயர் என்ன? சட்டாம்பிள்ளை! மூத்த பையன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ஏற்பாடு. பெல் 1796-இல் ஊர் திரும்பினார். 1797-இல் லண்டனில் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பரவியது. 1832-இல் அவர் இறக்கும்போது எத்தனை பள்ளிகளில் இந்த முறை இருந்தது? 10,000-க்கும் மேல்! எங்கே புதைத்தார்கள்? ராஜாக்கள் தூங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்!

இன்னும் முடியவில்லை! பெல்லின் சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுப்போன பணத்தில் 1833-இல் ஒரு பள்ளி திறந்தார்கள். பெயர்? மெட்ராஸ் காலேஜ்! நாம் மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிவிட்டோம். ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் மாற்றவில்லை. அங்கே பிள்ளைகள் தினமும் ‘மெட்ராஸ்’ போய்த்தான் படிக்கிறார்கள்!

முதலில் வந்தால் சரஸ்வதி, கடைசியில் வந்தால்..?

பள்ளிக்குத் தாமதமாக வந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? முட்டி போடுவதா, வெளியே நிற்பதா? 1823-இல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும்! இரண்டாவதாக வந்தவனுக்கு வெறும் பூஜ்யம். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு ஒரு செல்லத் தட்டு. நாலாவது ஆளுக்கு இரண்டு அடி. அப்படியே ஒவ்வொன்றாக ஏறும்! நாற்பதாவதாக வந்தவன் கதி? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

அவர் எதற்காக இந்த அறிக்கையை எழுதினார் தெரியுமா? எழுதச் சொன்னவர் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ. அவருக்கும் நம் கிருஷ்ணகிரிக்கும் தொடர்பு உண்டு! 1792 முதல் 1799 வரை பாராமஹாலில், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி சீமையில், கேப்டன் ரீடின் உதவியாளராக வேலை பார்த்தவர் அவர். 1822-இல் ஜில்லா ஜில்லாவாகப் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். 1826-இல் கூட்டிப் பார்த்தால்? மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள்! 1,88,650 மாணவர்கள்! ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி!

அடேயப்பா என்று சொல்லிவிடாதீர்கள். அந்த 1,88,650-இல் பெண் பிள்ளைகள் எத்தனை? வெறும் 4,540!

முகாம்! டென்ட்! கொம்பு ஊதும் சத்தம்!

1907 ஆகஸ்ட் 1. இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவு. சாரணர் இயக்கத்தின் தந்தை பேடன் பவல் சுமார் 20 பையன்களுடன் டென்ட் அடிக்கிறார். காலையில் எழுப்ப மணியா? இல்லை! ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ‘கூடு’ என்ற மானின் கொம்பு! கட்டணம் எவ்வளவு? பணக்கார வீட்டுப் பையனுக்கு 1 பவுண்டு. தொழிலாளி வீட்டுப் பையனுக்கு மூன்றரை ஷில்லிங் மட்டும், கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு! ஆனால் தூங்கியது ஒரே டென்டில்!

அந்தச் சாரணர் இயக்கம் இந்தியாவில் முதலில் எங்கே கால் வைத்தது தெரியுமா? டெல்லியா, கல்கத்தாவா? பெங்களூர்! 1909-இல்! ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம்! ஆனால் அதில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அன்னி பெசன்ட் சும்மா இருப்பாரா? மெட்ராஸில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் ஆரம்பித்துவிட்டார்!

கடைசியாக எங்கே வந்து நின்றது? முறுக்குக்குப் பேர்போன மணப்பாறையில்! 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி அங்கேதான். எந்த இடம் தெரியுமா? சிப்காட் வளாகம்! தொழிற்சாலைக்கு ஒதுக்கிய மண்ணில் நாடெங்கும் இருந்து வந்த பிள்ளைகளின் டென்ட் ஊர்!

முகாமுக்குப் போய் இன்னொரு பள்ளியிலேயே தூங்குவது எப்படி இருக்கும்? என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளைக் கேளுங்கள்! 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய திட்டம். அதில் 7 நாள் சிறப்பு முகாம் உண்டு. பெரும்பாலும் தங்குவது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில்! பகலில் மரம் நடுவது, குளம் தூர்வாருவது. ராத்திரி பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டுக் கரும்பலகைக்குக் கீழே பாய்!

மற்ற நாட்டுப் பிள்ளைகள்?

ஜப்பானில் வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பது யார்? பிள்ளைகளேதான்! மதியச் சாப்பாடு பரிமாறுவதும் அவர்களே. காட்டுக்குள் போய்த் தங்கிப் படிக்கும் முகாமும் உண்டு. ‘ரின்கான் கக்கோ’ என்று பெயர். வனப் பள்ளி!

ஜெர்மனியில் முதல் நாள் பள்ளிக்குப் போகிற குழந்தை கையில் என்ன இருக்கும்? கிட்டத்தட்ட அதன் உயரத்துக்கே ஒரு காகிதக் கூம்பு! உள்ளே மிட்டாய், பென்சில், பொம்மை! அழுகிற குழந்தைக்கு இதைவிட நல்ல லஞ்சம் உண்டா?

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வான்வழிப் பள்ளி 1951-இல் ரேடியோவில் பாடம் நடத்த ஆரம்பித்தது. அதன் ‘வகுப்பறை’ பரப்பளவு? சுமார் 13 லட்சம் சதுர கிலோமீட்டர்! தமிழ்நாட்டைப் போல பத்து மடங்கு! பின் பெஞ்சு எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 5 நாள் முகாம். கயிற்றில் ஏறு, படகு வலி! வகுப்புக்குத் திரும்பினால் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடம் தமிழ்! மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள். அங்கே தமிழ் வகுப்பு தொடங்கியது எப்போது? 1816, பினாங்கில்!

பின்லாந்தை எல்லாரும் புகழ்வார்கள். பிள்ளை 7 வயசில்தான் பள்ளிக்குப் போகும். மதியம் இலவசச் சூடான சாப்பாடு. 1948-இலிருந்து! சரி, மெட்ராஸ் மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது எப்போது தெரியுமா? 1920! பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது! ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல்! பின்லாந்து நாடு முழுக்கப் போட்டது, நாம் ஓர் ஊரில் போட்டோம், அது உண்மை. ஆனாலும் 28 வருஷம் முந்தி!

இப்போது நம் வாத்தியார்களும் எட்டிப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார்கள்! 2024 அக்டோபரில் ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்ற 55 பேரைத் தமிழக அரசு பிரான்ஸுக்கு அனுப்பியது. ஒரு ஆசை: அடுத்த முறை போகிற வழியில் யாராவது ஸ்காட்லாந்தின் மெட்ராஸ் காலேஜ் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து வரமாட்டார்களா!

கடைசியாக ஒன்று. இதற்கு ஆச்சரியக்குறி கிடையாது.

2024 ஆகஸ்டில் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரில் முகாம் நடந்தது. அது போலி. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. அங்கே மாணவிகளுக்குக் கொடுமை நடந்தது தெரியவந்து, பயிற்சியாளர் என்று வந்தவர் கைதானார்.

முகாம் அருமையான விஷயம். பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். நடத்துவது யார்? அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு இது தெரியுமா? ராத்திரி பிள்ளைகளுடன் தங்கும் ஆசிரியை யார்? பதில் சரியாக வராவிட்டால் கையெழுத்து வேண்டாம்.

இவ்வளவு நேரம் எத்தனையோ எண்கள் சொன்னேன். எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இது ஒன்றை மட்டும் பிள்ளைக்கு மனப்பாடமாகச் சொல்லி அனுப்புங்கள்: 1098. குழந்தைகளுக்கான உதவி எண். காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.